காய்ச்சலை மறைக்கத் தேவையில்லாத வேலைத்தளம்: பெருந்தொற்றுக் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஒக்டோபரில் இலங்கையின் இரண்டாவது கொவிட் அலை கிளம்பியது இரண்டு வேலைத்தளங்களில். ஒன்று மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலை, மற்றது பேலியகொடை மீன் சந்தை. கல்யாண வீடும் இல்லை, கோவில் திருவிழாவும் இல்லை. திருகோணமலையில் ஐஸ் போட்டு ஏற்றுகிற மீன் லொறிகளும் போய்வருகிற சந்தைதான் பேலியகொடை. ஆகவே "அது கொழும்புப் பக்கத்துப் பிரச்சினை" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த வழிகாட்டி ஐந்து பேரில் இருந்து ஐம்பது பேர் வரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு: திருகோணமலை டவுனில் கடை வைத்திருப்பவர், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர், சீனக்குடாப் பக்கம் களஞ்சியம் நடத்துபவர், பலநாள் படகு முதலாளி. பெரிய கம்பனிகளுக்கு இதற்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகமும் பி.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) தொலைபேசி இலக்கமும்தான். அவற்றை வைத்தே நிறையச் செய்யலாம்.

கொவிட் அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5இல். அடுத்தது கொவிட்டின் தம்பியாகவும் வரலாம், புதிய இன்புளுவன்சாவாகவும் வரலாம். அதனால் மூச்சுக்காற்றால் பரவும் எந்தத் தொற்றுக்கும் பொருந்துகிற மாதிரித்தான் கீழே உள்ளதை எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பெரும்பாலான முதலாளிமார் முகக்கவசம், சானிட்டைசர் என்ற ஐந்தாவது படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 1: முதலில் சம்பளத்தைத் தீர்மானியுங்கள்

நாட்கூலிக்கு வருகிற ஒருவருக்கு விடியற்காலையில் தொண்டை நோகிறது என்று வையுங்கள். போகாவிட்டால் அன்றைய 2,000 ரூபா இல்லை. பின்னேரம் வாரக் கடன் கட்ட வேண்டும், கடன் சேர்க்கிறவர் வாசலில் வந்து நிற்பார். அவர் என்ன செய்வார்? இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிடுவார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கடை வாசலுக்கு வரும்போது காய்ச்சல் இறங்கியிருக்கும், நீங்கள் நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி 36.5 என்று காட்டும், அவர் உள்ளே போய் எட்டு மணித்தியாலம் மற்றவர்களோடு நிற்பார்.

இதை சானிட்டைசர் தடுக்காது. சம்பளம்தான் தடுக்கும். ஆகவே தொற்று வருமுன்னரே இப்படி ஒரு விதியை எழுதிவிடுங்கள்: காய்ச்சல், இருமல், தடிமன் என்று அறிவித்து வீட்டில் நிற்பவருக்கு முதல் ஏழு நாளும் அடிப்படைச் சம்பளம் முழுதாக உண்டு. வைத்தியச் சான்றிதழை முதல் நாளே கேட்க வேண்டாம். கேட்டால் அந்த ஒரு துண்டுக் கடதாசிக்காக ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வரிசையில் போய் நிற்பார், சும்மா தடிமனோடு போனவர் வேறொன்றோடும் திரும்பி வரலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சான்றிதழ் தந்தால் போதும்.

"கட்டுப்படியாகாது" என்பது வழக்கமான பதில். கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்குப் பன்னிரண்டு பேர் உள்ள கடை. ஒரே நேரத்தில் இருவர் ஏழு நாள் வீட்டில் நின்றால் 28,000 ரூபா. அந்த இருவரும் மறைத்து வந்து, எல்லோருக்கும் பரவி, கடையைப் பத்து நாள் பூட்டினால் கூலி மட்டும் 240,000 ரூபா. வாடகையும் பழுதாகும் சரக்கும் தனி. மாதா மாதம் வருமானத்தில் ஒரு சிறு தொகையை இதற்கென்று வேறு கணக்கில் போட்டு வைத்தால் நெருக்கடியில் கைமாற்று வாங்க வேண்டியிருக்காது.

சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவுதான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, இரண்டாம் வருடத்தில் இருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும், சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக 7 நாள் அமைய லீவும் உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள்தான். அமைய லீவு ஏழும் ஒரு தொற்றிலேயே முடிந்துவிடும் என்பதால்தான் தனி விதி தேவைப்படுகிறது. 2020இல் வேலைக்கு அழைக்க முடியாதவர்களுக்குச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுப்பது என்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டார்கள். அடுத்த முறையும் அப்படி ஒன்று வரும் என்று காத்திருக்காமல், உங்களால் எவ்வளவு முடியும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். எவ்வளவு கொடுத்தாலும், அந்தத் தொகைக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்று முற்பணம். ஊரடங்கு அறிவித்த கையோடு ஊழியர் முதலில் போவது நகை அடகுக் கடைக்கு. ஒரு மாதச் சம்பளத்தை வட்டியில்லாமல் முற்பணமாகக் கொடுத்து ஆறேழு தவணையில் கழித்துக்கொள்ளுங்கள். இதை ஆளுக்கொரு மாதிரி, இரகசியமாகச் செய்யப் போனால் பொல்லாப்புத்தான் வரும். எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள்.

படி 2: சொன்னவர் வருந்தாமல் இருக்க வழி செய்யுங்கள்

காசுக்கு அடுத்து ஆளை மறைக்க வைப்பது பயம். கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2020இல் வந்து 2021 பெப்ரவரி வரை இருந்தது. அதன் பிறகுதான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வேலைக்கு வருகிற முஸ்லிம் ஒருவர் அந்தக் காலத்தில் "வீட்டில் உம்மாவுக்கு இருமல்" என்று சொல்ல ஏன் தயங்கியிருப்பார் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டு மதிலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினால் அயல் சனம் கடைக்குக்கூடப் போகவிடாது என்ற பயம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோருக்கும் இருந்தது.

அரசாங்க விதியை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் இடத்துப் பழக்கத்தை மாற்றலாம். காய்ச்சல் என்று அறிவிக்க ஒரே ஒருவரை நியமியுங்கள், பெண்கள் கூட இருந்தால் ஒரு பெண்ணையும். அறிவிப்பது வீட்டில் இருந்து, வெளிக்கிடுமுன், தொலைபேசியில். பதில் இவ்வளவுதான்:

"அண்ணா, இரவில இருந்து உடம்பு உளையுது, தொண்டையும் நோகுது."

"சரி தம்பி, வராதீங்க. சம்பளம் இருக்கு. நேற்றுப் பகல் ஆரோட இருந்து சாப்பிட்டீங்க எண்டு மட்டும் சொல்லுங்க."

எங்கே போனாய், ஏன் போனாய், யார் வீட்டுச் சாவுக்குப் போனாய் என்ற விசாரணை வேண்டாம். ஒருமுறை அப்படி விசாரித்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார். பெயரை வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டி வந்தால் அறிவிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் ஊழியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியவரும் என்றால் அந்த நம்பிக்கை திரும்ப வராது.

வாசலில் பிடிக்கிற வெப்பமானித் துவக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே மாத வெயிலில் தம்பலகாமத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் நெற்றி சுகமாய் இருக்கும்போதே சுடும். ஏசி பஸ்ஸில் இறங்கியவருக்குக் காய்ச்சல் இருந்தாலும் காட்டாது. கொவிட்டில் அறிகுறி வர இரண்டு நாள் முன்னரே ஒருவர் மற்றவருக்குப் பரப்பலாம் என்பதும் உண்டு. வாங்கி வைத்திருந்தால் பாவியுங்கள், அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

படி 3: காற்று

திருகோணமலைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வருட நடுவில் கச்சான் காற்று அடிக்கும்போது சூடும் புழுதியும் தாங்காமல் யன்னலைச் சாத்துகிறோம். வருடக் கடைசியில் வாடை மழை வந்தால் சாரல் அடிக்கிறது என்று சாத்துகிறோம். ஆக வருடத்தில் பாதிக்கு மேல் யன்னல் பூட்டித்தான் கிடக்கிறது, உள்ளே ஏசி ஓடுகிறது. நாம் பாவிக்கிற சாதாரண சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே குளிராக்கித் திரும்ப விடுகிறது. ஒருவர் இருமினால் அதையும் சேர்த்துத்தான்.

முதலில் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். காலையில் சாமிப் படத்துக்குக் கொளுத்துகிற ஊதுபத்தியே போதும். மின்விசிறியை நிறுத்தி, காசு மேசைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து நில்லுங்கள். புகை ஒரு பக்கமாக இழுபட்டு யன்னலாலோ கதவாலோ வெளியேறினால் நல்லது. நேரே மேலே போய் சீலிங்கில் படர்ந்து அப்படியே நின்றால் அந்த மூலையில்தான் உங்கள் காசாளர் நாள் முழுக்க மூச்சு விடுகிறார். குசினி, பின் களஞ்சியம், ஊழியர் உடை மாற்றும் அறை, எல்லா இடத்திலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு மணித்தியால வேலை, செலவில்லை.

பிறகு எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு திறப்பு வையுங்கள். கச்சான் மேற்குப் பக்கத்தால் வருவது, வாடை வடகிழக்கால் வருவது. வருகிற பக்கத்தைக் கொஞ்சமாகவும் போகிற பக்கத்தை அகலமாகவும் திறந்தால் கடதாசி பறக்காது, காற்றும் ஓடும். பின் சுவரில் யன்னலே இல்லாவிட்டால் ஒரு வெளியேற்றும் விசிறி பூட்டுங்கள். சீலிங் விசிறி காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. நிற்கிற விசிறியை ஒருவரின் முகத்தில் இருந்து மற்றவருக்கு அடிக்கிற மாதிரி வைக்காமல், யன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். ஏசி இல்லாமல் முடியாது என்றால் அது ஓடட்டும், மேல் யன்னலை ஒரு சாண் திறந்து விடுங்கள். மின்சாரக் கட்டணம் ஏறும். அதைச் சுகாதாரச் செலவாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அளந்து பார்க்க விரும்புவோர் ஒரு காபனீரொட்சைட்டு மானி வாங்கலாம். நாம் மூச்சில் விடுகிற வாயுவைத்தான் அது அளக்கிறது, எண் ஏறினால் காற்று மாறவில்லை என்று அர்த்தம். வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 காட்டும். அறைக்குள் ஆட்கள் இருக்கும்போது 800க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். ஆளொருவருக்கு நொடிக்கு 10 லீட்டர் வெளிக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு.

ஐஸ் தொழிற்சாலை, மீன் குளிரறை மாதிரி இடங்களில் யன்னல் திறக்கிற கதையே இல்லை. அங்கே ஒரே நேரத்தில் நிற்கிற ஆட்களையும் நேரத்தையும் குறைத்து, நல்ல முகக்கவசம் கொடுப்பதுதான் வழி.

படி 4: சாப்பாடு, படுக்கை, பயணம்

வேலை நேரத்தில் எல்லோரும் முகக்கவசத்தோடு நிற்பார்கள். ஒரு மணிக்கு நாலு பேர் சின்ன அறைக்குள் போய், கவசத்தைக் கழற்றி, பார்சலைப் பிரித்து, முழங்கால் முட்ட இருந்து கதைத்துச் சாப்பிடுவார்கள். தேத்தண்ணி நேரமும் அப்படித்தான். தொற்றுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சாப்பாட்டை வெளியே கொண்டுபோங்கள். பின்வளவில் ஒரு வேம்போ பூவரசோ இருந்தால் அதன் கீழே இரண்டு வாங்கு போடுங்கள். நேரத்தைப் பிரித்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேர் என்று அனுப்புங்கள். நோன்பு காலத்தில் ஊழியர் ஒன்றாக நோன்பு துறப்பதைத் தடுக்காதீர்கள். கஞ்சியும் பேரீச்சம்பழமும் ஆளுக்குத் தனிக் கோப்பையில், திறந்த வெளியில் என்றால் போதும். அந்த மாதத்தில் பாரம் தூக்கும் வேலையைக் காலையிலேயே முடிக்கப் பாருங்கள். கவசத்தோடு, தண்ணீரும் குடிக்காமல், பகல் வெயிலில் மூட்டை சுமக்கக் கேட்பது நியாயமில்லை.

கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் ஹோட்டல்களின் பின்பக்க அறைகளில் வெளியூர்ப் பெடியன்கள் ஆறேழு பேர் ஒன்றாகப் படுப்பார்கள். முன்பக்கத்து விருந்தினருக்குச் செய்கிற ஏற்பாட்டில் கால்வாசியாவது அங்கே செய்யுங்கள்: ஒரே வேலைமுறையில் இருப்பவர்கள் ஒரே அறையில், கட்டில்களுக்கு இடையில் ஒரு மீற்றர், ஒருவரின் தலைப்பக்கம் மற்றவரின் கால்பக்கம். விருந்தினர் குறைந்த காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் அறையைக் காய்ச்சல்காரருக்கென்று விட்டு வையுங்கள். காய்ச்சலோடு பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்புவது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. ஆக மோசமான யோசனையும் அதுதான்.

பலநாள் படகில் நிலைமை வேறு. கடலுக்குப் போன பிறகு சின்ன அறைக்குள் யாரையும் பிரித்து வைக்க முடியாது. செய்வதெல்லாம் கரையில்தான்: போகுமுன் பரிசோதனை, இருமல் உள்ளவரை இறக்கிவிட்டு மாற்றாள், படகில் விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் கருவி, எந்த அளவு வந்தால் வலையை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்புவது என்ற முடிவு. அந்த முடிவை ஸ்கிப்பர் எடுத்தால் டீசல் காசை அவர் தலையில் கட்டக்கூடாது.

பஸ்ஸிலும் மூதூர்ப் படகிலும் வருகிறவர்களுக்கு வேலை தொடங்கும் நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். நெரிசல் குறைந்த பஸ்ஸில் வருவார்கள்.

படி 5: முகக்கவசம், கை, துப்புரவு

எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. துணிக் கவசத்தைவிட மூன்றடுக்கு வைத்தியக் கவசம் நல்லது, மூடிய அறையில் அதையும்விட கே.என்.95. எதுவானாலும் கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் பயன் பாதிதான். வியர்வையில் நனைந்த கவசத்தை மாற்ற ஆளுக்கு நாளைக்கு இரண்டாவது கொடுங்கள், காசை நீங்கள் கட்டுங்கள். சானிட்டைசரில் அற்ககோல் 60 வீதத்துக்குக் குறையக்கூடாது. குசினியில் அடுப்புப் பக்கம் அதை வைக்காதீர்கள். அதில் பிடிக்கிற நெருப்புச் சில நேரம் கண்ணுக்கே தெரியாது. குசினிக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

மேசை, கைபிடி துடைக்க 5 வீத வெளிற்றும் திரவத்தில் 20 மில்லிலீட்டரை ஒரு லீட்டர் தண்ணீரில் கலந்தால் சரி. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், துப்புரவு வேலை செய்கிறவருக்கு இதை வாயால் சொல்லிக் காட்டுங்கள். 2020இல் ஆட்களை நிற்க வைத்து மருந்து தெளித்த கூத்து நினைவிருக்கும். ஆள் மேல் எந்த நிலையிலும் தெளிக்கக்கூடாது என்று அந்த வருடம் மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

தடுப்பூசி வந்தால், போடும் நாளும் அடுத்த நாளும் சம்பளத்தோடு லீவு.

படி 6: கூட்டத்தைப் பிரியுங்கள்

பன்னிரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தாமல் ஆறு ஆறாகப் பிரித்து, இரண்டு குழுவும் சந்திக்காத மாதிரி நேரம் போடுங்கள். சாவியையும் கணக்கையும் கைமாற்றுவது வாசலில், நின்றபடி. நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். அவர்களைச் சனம் குறைந்த வேலைக்கு மாற்றுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல்.

படி 7: ஒருவருக்குக் காய்ச்சல் வந்த பிறகு

நம் ஊரில் காய்ச்சல் என்றால் அது பெருந்தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தோடு பதிவானபோது, அந்த வருடத் தொடக்கத்திலேயே கடுமையாக அடிபட்ட இடம் கிண்ணியா. ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் எதையும் சொந்தமாக வாங்கிப் போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவுக்கு வழி செய்துவிடும். பெருந்தொற்றுப் பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்தச் செலவையும் கடை ஏற்கட்டும்.

வீட்டில் நிற்பவருக்கு ஓர் ஒட்சிசன் அளவி கொடுத்தனுப்புங்கள், இரண்டு மூன்று வாங்கி வைத்தால் சுற்றிப் பாவிக்கலாம். நகப்பூச்சு இல்லாத விரலில், ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு பார்க்க வேண்டும். 94 அல்லது அதற்குக் கீழே நின்றால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும், 90க்குக் கீழே போனால் உடனே 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் எண்ணை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள். பகல் ஒரு தடவை, இரவு ஒரு தடவை அழைத்து விசாரியுங்கள். வேலை பற்றி அல்ல.

இதற்கிடையில் கடையில் யாரோடு சாப்பிட்டார், யாரோடு மூடிய அறையில் கால் மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார் என்று எழுதி, அவர்களையும் வீட்டில் நிறுத்துங்கள். எத்தனை நாள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொல்லும். நோய்க்கு நோய் அது மாறும்.

படி 8: மனம்

யோகாவுக்கு ஆள் பிடிக்க வேண்டாம். வேலை போகுமா, அடுத்த மாதம் சம்பளம் வருமா என்பதுதான் முக்கால்வாசி மனக்கவலை. வாரம் ஒருநாள், பத்து நிமிடம், கடையின் நிலையை உள்ளபடி சொல்லுங்கள். கெட்ட செய்தியானாலும் உங்கள் வாயால் வந்தால் வட்ஸ்அப் குரல் பதிவுகளில் வருகிறதைவிட நல்லது. இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலைச் செய்தி அனுப்பாதீர்கள்.

வீட்டில் அடைபட்டிருக்கும் காலத்தில் பெண் ஊழியருக்குச் சமையல், பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, மாமியாரின் மருந்து எல்லாம் ஒரே கையில். சிலருக்கு வீடே ஆபத்தான இடம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

படி 9: திரும்பி வருதல், திரும்பத் திறத்தல்

தொற்று மாறியும் சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் களைப்பும் இளைப்பும் இருக்கும். களஞ்சியத்தில் 50 கிலோ மூட்டை தூக்கியவரை முதல் கிழமையே மூட்டைக்கு அனுப்பாதீர்கள். அரை நாள் வேலை, இருந்து செய்கிற வேலை என்று தொடங்கி அவர் சொல்கிற வேகத்தில் கூட்டுங்கள்.

பூட்டிக் கிடந்த இடத்தைத் திறக்க இரண்டு நாள் முன்னரே போங்கள். பீலி, பூச்சாடித் தட்டு, ஏசித் தண்ணீர் வடிகிற வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள், நுளம்புக் குடம்பி இருக்கும். ஹோட்டல் என்றால் குழாய்களையும் ஷவர்களையும் சில நிமிடம் திறந்து விட்டுத் தேங்கிய தண்ணீரை ஓட விடுங்கள், அந்த நேரம் அறைக்குள் நிற்காதீர்கள்.

படி 10: ஒரே ஒரு பக்கம்

இவ்வளவையும் கோவையில் போட்டு அலமாரியில் வைத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். லீவுச் சம்பள விதி, அறிவிக்க வேண்டியவரின் இலக்கம், 1990, 1926, 1938, பி.எச்.ஐ.யின் இலக்கம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கீழே முதலாளி கையெழுத்து வைத்து, வரவுப் புத்தகத்துக்கு மேலே ஒட்டுங்கள். பி.எச்.ஐ.மார் இடமாற்றமாகிப் போவார்கள். வருடத்தில் இரண்டு தடவையாவது அந்த இலக்கத்துக்கு அடித்து, இன்னும் அவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.